ஈகையும் ஒப்புரவும்: மாணவர் நிதியுதவி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

திருக்குறளின் அறத்துப்பாலில் ‘ஒப்புரவறிதல்’, ‘ஈகை’ என்னும் இரண்டு அதிகாரங்கள் 22ஆவதாகவும் 23ஆவதாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே. ஆயினும் அவை ஒன்றாகவன்றி இரண்டாகவே வைக்கப்பட்டுள்ளன. ஈகை என்பது உடையவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது. அங்கே கொடுப்போன் கை மேலும் கொள்வோன் கை கீழும் இருத்தல் இயல்பு. ஒப்புரவோ, ஒருவன் தான் வாழும் சமூகத்துக்குச் செய்யவேண்டிய கடமை. ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் அள்ளுபவன் எவருக்கும் நன்றி கூறித் தலைகுனிவதில்லை. அதேவேளை கிணற்றை அழுக்காக்கவும் அவனுக்கு உரிமையில்லை. பல்கலைக்கழக மாணவருக்கு வழங்கப்படும் நிதியுதவி இவ்விரண்டில் எவ்வகையைச் சார்ந்தது என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. உதவியைப் பெறத் தகுதியுடையவர் யார், அத்தகுதியை எவ்வாறு அறிவது, கொடுப்போரும் கொள்வோரும் எங்ஙனம் ஒழுகவேண்டும் என்பன யாவும் இவ்வினாவுக்குக் கூறும் விடையையே பொறுத்துள்ளன.

இலங்கையில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த கல்விக் குழு 1943இல் வெளியிட்ட அறிக்கையே அதற்கு அடித்தளமாயிற்று. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கலாம் என்னும் நிலை ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு பெருங்கதவைத் திறந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆயின் கட்டணம் நீங்கியதனால் செலவு நீங்கிவிடவில்லை. தலைமன்னாரிலிருந்து பேராதனைக்கோ, நுவரெலியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ செல்லும் மாணவருக்கு உணவும் உறையுளும் பயணமும் நூலும் வேண்டும். கல்வி இலவசமாயிற்று, கற்பவர் உண்ணும் சோறு இலவசமாகவில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே உதவித் திட்டங்கள் தோன்றின.

அவற்றுள் முதன்மையானது மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில். வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இதற்கென ஒரு நம்பிக்கை நிதியம் நிறுவப்பட்டது. இப்புலமைப்பரிசிலில் ஒரு பகுதி திறமையின் அடிப்படையிலும், பெரும்பகுதி குடும்பத்தின் பொருளாதார நிலையைக் கருத்திற்கொண்டும் வழங்கப்படுகிறது. அதனைப் பெறாதோருக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வழியாக மாணவர் உதவிப்பணம் உண்டு. ஒருவர் இரண்டையும் ஒருங்கே பெறல் இயலாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம், கற்கும் உடன்பிறந்தோரின் தொகை, வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குள்ள தூரம் ஆகியன தகுதியை அறியும்போது நோக்கப்படுகின்றன. வருமானத்துக்குக் கிராம அலுவலரின் சான்றும், அதனை உறுதிப்படுத்தும் பிரதேச செயலாளரின் ஒப்பமும் வேண்டும். ஏற்பாடு எளியதாகவே தோன்றுகிறது. ஆனால் அதன் ஒவ்வொரு விதிக்குள்ளும் ஓர் அறச்சிக்கல் உறைந்து கிடக்கிறது.

முதலாவது சிக்கல் திறமைக்கும் தேவைக்கும் இடையிலானது. சிறந்த புல்லாங்குழல் எவருக்கு உரியது என்னும் வினாவை அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ என்னும் நூலில் எழுப்புகின்றார். உயர்குடியிற் பிறந்தோனுக்கோ அழகனுக்கோ அன்று, நன்கு வாசிப்பவனுக்கே அது உரியது என்பது அவர் கூறும் விடை. ஒரு பொருளின் பயன் எதுவோ அதற்கேற்ற தகுதியே பங்கீட்டுக்கு அளவுகோலாகும் என்பது இதன் உட்கருத்து. திறமைக்கே உதவியும் செல்லவேண்டும் என்போர் இதனைத் தமக்குச் சார்பாகக் காட்டலாம். ஆனால் உற்று நோக்கின் இவ்வுவமை அவர்களுக்கு எதிராகவே நிற்கின்றது. பல்கலைக்கழக அனுமதியே இங்குப் புல்லாங்குழல். அது ஏற்கனவே உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிகொண்டு பங்கிடப்பட்டுவிட்டது. அதன்பின் வழங்கப்படும் பணம் புல்லாங்குழலன்று. வாசிப்பவன் பசியால் மூச்சுத் தளராதிருக்க இடப்படும் உணவு. உணவின் பயன் பசி தீர்த்தல். ஆதலின் அதன் பங்கீட்டுக்கு அளவுகோல் பசியேயன்றித் திறமையன்று. ஒரே திறமைக்கு இருமுறை பரிசளித்து, ஒரே வறுமையை இருமுறை தண்டித்தல் நீதியாகாது.

மேலும் திறமை என்பதும் வெற்றிடத்திற் பிறப்பதன்று. தனியார் வகுப்புகளும் ஆய்வுகூடமும் அமைதியான படிப்பறையும் வாய்த்த மாணவரின் புள்ளியையும், விஞ்ஞான ஆசிரியரே இல்லாத பாடசாலையில் தானே நூலைப் புரட்டிப் படித்தவரின் புள்ளியையும் ஒரே தராசில் இடுதல் எளிது. ஒரே பொருளாகக் கொள்ளுதல் அரிது. அரசே இதனை ஒருவாறு ஏற்றுக்கொண்டுள்ளது. பல கற்கைநெறிகளுக்கான அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவது இதனாலேயே. எனினும் மாவட்டம் ஏழையாயினும் அங்குச் செல்வரும் உளர். செல்வ மாவட்டத்திலும் சேரிகள் உள. இடத்தை அளப்பது ஒன்று, மனிதரை அளப்பது வேறொன்று. உதவிப்பணம் மனிதரை அளக்கவேண்டியிருப்பதால் அதன் பொறுப்பு மேலும் கடினமாகின்றது.

எனவே இரண்டாவது சிக்கல் எழுகின்றது: வறுமையை எதனால் அளப்பது? வருமானம் என்பது பத்திரத்திற் பதியப்படும் வருமானம் என்றே நிருவாகம் பொருள்கொள்ளும். இதில் மாதச் சம்பளம் பெறுவோரின் நிலை வேடிக்கையானது. எழுதுவினைஞரின் சம்பளம் சதம் தவறாது தெரியும்; பதிவின்றி வியாபாரம் செய்பவரின் இலாபம் அவர் சொன்னால்தான் தெரியும். மலையகத்தை எடுத்துக்கொள்ளலாம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. கணவனும் மனைவியும் மாதம் 25 நாள் வேலை செய்வதாகக் கணக்கிட்டால் ஆண்டு வருமானம் 8 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா எனப் பத்திரம் கூறும். வருமான எல்லை 5 இலட்சம் என்று வைத்துக்கொண்டால், கொழுந்து பறிக்கும் அக்குடும்பம் ‘வசதியுள்ள’ குடும்பமாகிவிடும். மழையாலும் நோயாலும் இழந்த நாள்களும், ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிந்த தொகையும், லயத்து அறையில் உடன் வாழும் முதியோரும் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. நேர்மையாகப் பதியப்படும் உழைப்பே இங்குத் தகுதிக்குத் தடையாகின்றது.

எல்லைக்கோடு எங்கே இடப்பட்டாலும் இத்தகைய இடர் இருக்கவே செய்யும். 4 இலட்சத்து 99 ஆயிரம் பெறும் குடும்பத்துக்கும் 5 இலட்சத்து ஆயிரம் பெறும் குடும்பத்துக்கும் வாழ்க்கையில் வேறுபாடில்லை. விண்ணப்பத்தில் மட்டும் வானுக்கும் மண்ணுக்குமான வேறுபாடு. கோடின்றி நிருவாகம் நடவாது என்பது உண்மை. ஆயின் கோட்டையும் தொகையையும் காலந்தோறும் மீளாய்வு செய்யாதிருத்தல் நிருவாகத் தேவையன்று, அது அறத்தவறு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. அப்போதும் மகாபொல மாதத்துக்கு 5000 ரூபாவாகவே இருந்தது. அரிசியின் விலையும் பேருந்துக் கட்டணமும் உயர, உதவி அசையாது நின்றது. எவரும் எதனையும் வெட்டவில்லை. எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. ஆயினும் உதவி சுருங்கிற்று. 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்திலேயே மகாபொல 7500 ரூபாவாகவும், உதவிப்பணம் 4000 இலிருந்து 6500 ரூபாவாகவும் உயர்த்த முன்மொழியப்பட்டது. 7500 ரூபாவை முப்பது நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 250 ரூபா. அதுவும் முதலாமாண்டு மாணவரின் கையை எட்டுவதற்குள் மாதங்கள் பல கழிவதுண்டு. அம்மாதங்களில் தாயின் காப்பு அடகுக்குப் போகும். பிந்திவரும் உணவு பசியை அறிந்த உணவன்று.

மூன்றாவது சிக்கல் மானம் பற்றியது. பொருட்பாலில் ‘இரவு’ என்னும் அதிகாரத்தை அடுத்து ‘இரவச்சம்’ என்னும் அதிகாரம் வருகின்றது. இரத்தலுக்கு அஞ்சுதல் தனியே ஓர் அதிகாரம் பெறும் அளவுக்கு மானவுணர்வு இம்மொழியில் ஆழ வேரூன்றியுள்ளது. தந்தை இறந்ததையும் தாய் கூலிவேலை செய்வதையும் வீட்டுக் கூரையின் தன்மையையும் அந்நியர் முன் எடுத்துரைத்து, ‘ஏழை’ என முத்திரை பெற்றுவரும் இளைஞரின் உள்ளத்தில் நிகழ்வதை எந்தப் படிவமும் பதிவதில்லை. நன்மனத்தோடு உதவ வருவோரும் இதில் தவறிவிடுகின்றனர். வடக்கிலும் கிழக்கிலும் பழைய மாணவர் சங்கங்களும், ஊர் ஒன்றியங்களும், புலம்பெயர்ந்து வாழ்வோரும் மாணவர் பலரைத் தாங்கிவருகின்றனர். போரால் சிதைந்த குடும்பங்களின் பிள்ளைகள் பட்டம் பெற்றமைக்கு அவ்வுதவி பெருங்காரணமாயிற்று என்பதை மறுத்தலாகாது. ஆனால் மேடையேற்றிக் காசோலையைக் கையில் கொடுத்து நிழற்படம் எடுத்து ஊரறியச் செய்யும்போது, உதவியின் விலை மாணவரின் முகத்திலிருந்து அறவிடப்படுகிறது. ஈகை என்னும் மனப்பான்மையே இதற்குக் காரணம். கொடுப்பவர் தம் பொருளைத் தருவதாகக் கருதும்வரை, அதற்கான புகழையும் தமக்குரியதாகவே கருதுவார்.

இனி, மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கொடுப்போரின் குறைகளை மட்டும் எடுத்துரைத்துக் கொள்வோரைக் குற்றமற்றவராக விடுதல் அறவாராய்ச்சியாகாது. வருமானத்தைக் குறைத்துக் காட்டுதல், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை மறைத்தல், நிலத்தை உறவினர் பெயரிற் காட்டுதல் முதலியன உலகறிந்தவை. “எல்லோரும் செய்கிறார்கள், அரசின் பணந்தானே” என்பது அதற்குச் சொல்லப்படும் சமாதானம். அரசுக்கு முகமில்லை; ஆகவே அதனை ஏமாற்றுதல் எவரையும் ஏமாற்றுதலாகத் தோன்றுவதில்லை. ஆனால் நிதி எல்லைக்குட்பட்டது. புலமைப்பரிசில்களின் தொகையும் எல்லைக்குட்பட்டது. பொய்ப் படிவம் ஒன்று பட்டியலில் ஏறும்போது மெய்ப் படிவம் ஒன்று கீழிறங்குகின்றது. அப்படிவத்துக்குரியவர் அதே விரிவுரை மண்டபத்தில், ஒருவேளை அடுத்த ஆசனத்திலேயே, காலையுணவின்றி அமர்ந்திருக்கக்கூடும். பொய்யுரைத்தவர் அவரை ஒருபோதும் அறியப்போவதில்லை. அறியாதவருக்கு இழைக்கப்படும் தீங்கே மனச்சாட்சிக்கு மிகக் கடினமான பரீட்சை.

‘அரசின் பணம்’ என்பது எங்கிருந்து வருகின்றது? மகாபொல நிதியத்துக்கு அபிவிருத்தி லொத்தரின் வருவாயும் ஒரு மூலமாகும். பேருந்து நிலையத்தில் நாட்கூலியிலிருந்து ஒரு சீட்டை வாங்கி, பரிசு விழாமற் கிழித்தெறிபவரின் பணம் அதில் உண்டு. உதவிப்பணம் வரிப்பணத்திலிருந்து வருகின்றது. சீனிக்கும் தொலைபேசிக்கும் வரி செலுத்துவோருள், தம் பிள்ளை பல்கலைக்கழக வாயிலைக் காணாத பெற்றோரே மிகப் பலர். ஆகவே இப்பணம் அமைச்சரின் கொடையுமன்று, திறமைக்குக் கிடைத்த விருதுமன்று. முகமறியாத பலர் தாமறியாமலே இட்ட பங்கு. பொதுக்கிணற்றின் தன்மை இதற்கு முற்றும் பொருந்துகின்றது. அதனால் இது ஒப்புரவின்பாற்பட்டதேயன்றி ஈகையின்பாற்பட்டதன்று.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். பட்டம் பெற்றவர் பிற்காலத்தில் உயர்ந்த ஊதியம் பெறுவாராதலின், கூலியாளின் பணத்தை அவருக்கு இனாமாகக் கொடுப்பதைவிடக் கடனாகக் கொடுத்து மீளப்பெறுவதே நீதி என்பர் சிலர். அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதோர் அரசசார்பற்ற நிறுவனங்களிற் பட்டம் பயில வட்டியில்லாக் கடன் வழங்கும் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டதும் உண்டு. இவ்வாதத்தில் உண்மையின் ஒரு கூறு உள்ளது: பெற்றவர் கடன்பட்டவரே. ஆனால் அக்கடன் எவருக்கு, எவ்வடிவில் என்பதே வினா. கடன்சுமை வசதியுள்ள மாணவரை அச்சுறுத்தாது. வீட்டில் ஏற்கனவே கடன் உள்ளவரையே வாயிலில் தடுத்து நிறுத்தும். அன்றியும் வங்கிக் கடன் தவணையோடு தீர்ந்துவிடும். ஒப்புரவால் வரும் கடன் அவ்வாறு தீர்வதன்று. தோட்டப் பாடசாலையிற் கற்பிக்கச் செல்லும் ஆசிரியரும், தொலைதூர மருத்துவமனையிற் பணியேற்கும் மருத்துவரும், தம்மைப்போல் வந்த இன்னொரு மாணவரை ஓசையின்றித் தாங்கும் பட்டதாரியும் அக்கடனையே செலுத்துகின்றனர்.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து இருதிறக் கடமைகள் பெறப்படும். வழங்குவோர் தேவையையே முதல் அளவுகோலாகக் கொள்ளவும், எல்லையையும் தொகையையும் விலைவாசியோடு சேர்த்து நகர்த்தவும், பத்திரத்துக்குள் அடங்காத வறுமைக்கு மேன்முறையீட்டு வழி திறந்துவைக்கவும், உரிய காலத்திற் கொடுக்கவும், பெறுவோரின் பெயரையும் முகத்தையும் காக்கவும் கடமைப்பட்டவர். பெறுவோர் மெய்யுரைக்கவும், தேவை நீங்கியபோது விலகிநிற்கவும், பெற்றதைப் பிறருக்கு ஆக்கவும் கடமைப்பட்டவர். முன்னதை மறந்தால் உதவி பிச்சையாகும். பின்னதை மறந்தால் அது கொள்ளையாகும்.

விண்ணப்பப் படிவத்தின் இறுதியில், மேற்கூறிய விபரங்கள் உண்மையானவை என உறுதிகூறி ஒப்பமிடும் இடம் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு வரும் இளைஞர் ஒருவர், முதல் விரிவுரையைக் கேட்பதற்கு முன்னரே, தம் பெயரை எழுதி ஏற்கும் முதற் பொறுப்பு அதுவாக இருக்கலாம். அவ்வொப்பத்தை மதிக்கத்தக்க நிருவாகமும், அந்நிருவாகத்தை ஏய்க்காத ஒப்பமும் சந்திக்கும்போதே உதவி தன் பெயருக்கு ஏற்றதாகின்றது.