பறவை சொன்னதும் நாம் கேட்டதும்

பிறர் பேசும்போது அவர் சொல்வதைத்தான் கேட்கிறோமா? அல்லது நம் மனம் முன்பே வைத்திருக்கும் சொற்களை அவர் வாயில் ஏற்றிக் கேட்கிறோமா? அன்றாட வாழ்வின் பல துன்பங்கள் இந்த ஒரு வினாவில் அடங்கியுள்ளன. இதற்கு விடை தேடுவோருக்குப் பறவைகளின் குரல் ஒரு நல்ல பாடம். நாம் தவறாகக் கேட்டாலும் பறவை நம்மைத் திருத்த வருவதில்லை. ஆகவே திருத்திக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் நம்முடையதே.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தின் பாறசாலை, அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லைக் கிராமங்கள் இங்கு உண்டு. தென்னையும் ரப்பரும் மரச்சீனியும் வளரும் இந்த மண்ணில் பறவைக்குச் சோதனைச் சாவடி கிடையாது. ஆயினும் அதன் பெயர் மாறுகிறது. வயலோரத்தில் மனிதரைக் கண்டதும் கூச்சலிட்டுப் பறக்கும் பறவையைத் தமிழர் ‘ஆள்காட்டி’ என்றனர். மலையாளிகள் ‘தித்திரி’ என்றனர். முதற்பெயர், அக்குரலுக்கு நாம் கண்ட பொருளைச் சொல்கிறது. இரண்டாவது, அதன் ஓசையையே சொல்கிறது. குரலைக் கேட்பதில் இப்படி இரு வழிகள் உள்ளன.

விஷுப்பட்சியை எடுத்துக்கொள்வோம். சித்திரை விஷுவை ஒட்டி, இலைகளிடையே மறைந்திருந்து நான்கு சுரங்களில் கூவும் ஒரு குயிலினம் அது. கேரளத்து உழவர் அதில் ‘வித்தும் கைக்கோட்டும்’ என்று கேட்டனர். விதையையும் மண்வெட்டியையும் எடு என்பது பொருள். பலா பழுக்கும் காலத்தில் அதே குரல் சிலருக்குச் ‘சக்கைக்கு உப்புண்டோ’ என்று ஒலித்தது. இமயமலைச் சாரலிலுள்ள குமாவூன் மக்களுக்கோ அது ‘காபல் பாக்கோ’, அதாவது காபல் கனி பழுத்துவிட்டது என்ற செய்தி. வங்காளத்தில் ‘பௌ கொதா கவோ’. மருமகளே, பேசு என்ற வேண்டுகோள். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் காதிலோ ‘இன்னும் ஒரு புட்டி’ என்று விழுந்தது! பறவை ஒன்று, குரலும் ஒன்று. உழவனுக்கு உழவும், பசித்தவனுக்குக் கனியும், குடிப்பவனுக்குப் புட்டியும் கேட்டன.

அப்படியானால் பறவையின் குரலுக்குப் பொருள் கற்பிப்பது தவறா? அவ்வாறு சொல்ல முடியாது. விஷுப்பட்சியின் குரல் பருவத்தை நினைவூட்டியது, உழைப்புக்கு அழைத்தது. அதைக் கேட்டவர் எவருக்கும் தீங்கு விளையவில்லை, பறவைக்கும் விளையவில்லை. தன் ஏக்கத்தைத் தன்னுடையது என்று அறிந்தே குயிலின் குரலில் ஏற்றிப் பாடுபவனை யாரும் குறைகூற மாட்டார்கள். நம் மனத்தில் உள்ளதைப் பிறர் மேல் ஏற்றி, பின்பு அதற்காக அவரைத் தண்டிக்கும்போதுதான் அறம் பிழைக்கிறது.

‘காலன்கோழி’ என்று மலையாளத்தில் அழைக்கப்படும் ஆந்தையின் நிலை இதற்குச் சான்று. மாந்தோப்புகளிலும் புளியமரங்களிலும் தங்கும் இந்த ஆந்தையின் நடுங்கும் குரல், காலனின் அழைப்பாகவே காலங்காலமாகக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அது கூவினால் அந்த வீட்டில் உயிர் போகும் என்பது நம்பிக்கை. சற்று ஆராய்ந்து பார்ப்போம். நோயாளி இருக்கும் வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்பர். மற்ற இரவுகளில் உறக்கத்தில் கேட்காமல் போன குரல் அன்று காதில் விழுகிறது. ஆந்தை நேற்றும் கூவியது. நாம்தான் இன்று விழித்திருக்கிறோம். தன் துணையை அழைக்கவும், இது என் இடம் என்று பிற ஆந்தைகளுக்கு அறிவிக்கவும் அது கூவுகிறது. எலிகளைத் தின்று விளைச்சலைக் காக்கும் அந்தப் பறவையைக் கல்லெறிந்து துரத்துவது எவ்வளவு பெரிய நன்றிகேடு! 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் அச்சத்தால் அடைபட்ட செவியைச் சட்டம் திறந்துவிடாது. அது பயிற்சியால் ஆக வேண்டியது.

அந்தப் பயிற்சிதான் பறவைகளைக் குரலால் அறியப் பழகுவது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்று நம் முன்னோர் வகுத்த படிகள் இதற்கும் பொருந்தும். முதலில், பெயர் சூட்ட அவசரப்படாமல் கேட்க வேண்டும். விடியற்காலையில் ஓர் இடத்தில் அமைதியாக அமர்ந்து, பல குரல்களில் ஒன்றை மட்டும் பின்தொடர வேண்டும். அடுத்து, அது எவ்வாறு ஒலிக்கிறது என்று ஆராய வேண்டும். ஏறுகிறதா, இறங்குகிறதா? விட்டு விட்டு வருகிறதா? செம்மார்புக் குக்குறுவான், கன்னான் செம்பைத் தட்டுவதுபோல் ஒரே சீராக ‘டுக் டுக்’ என்கிறது. அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு குக்குறுவானோ ‘குட்ரூ, குட்ரூ’ என்கிறது. ஆலமரத்தின் பசுமைக்குள் இரண்டும் கண்ணுக்கு எளிதில் அகப்படா. செவியே அவற்றைப் பிரித்தறியும். இறுதியாக, குரலுக்குரிய பறவையைக் கண்ணால் கண்டு உறுதி செய்ய வேண்டும். இந்த மூன்றாம் படி இன்றியமையாதது. துடுப்புவால் கரிச்சான் போன்ற பறவைகள் பிற பறவைகளின் குரலை அப்படியே எழுப்பி நம்மை ஏமாற்றிவிடும்.

இப்படிக் கேட்போருக்குப் பழைய எண்ணங்கள் பல கலைகின்றன. இனிமையாகக் ‘குக்கூ’ என்று பாடுவது பெண்குயில் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அவ்வாறு பாடுவது கரிய ஆண்குயில். புள்ளிகள் கொண்ட பெண்குயிலின் குரல் ‘கிக் கிக்’ என்ற கூர்மையான ஒலியே.

பேராசிரியர் கே.கே. நீலகண்டன், ‘இந்துசூடன்’ என்ற புனைபெயரில் 1958-இல் ‘கேரளத்திலே பட்சிகள்’ என்ற நூலை வெளியிட்டு, மலையாளிகள் பலரின் கண்ணையும் செவியையும் தம் ஊர்ப் பறவைகளின்பால் திருப்பினார். இன்று கைப்பேசிச் செயலிகளே குரலைக் கேட்டுப் பெயரைச் சொல்லிவிடுகின்றன. அவை நல்ல துணைகளே. ஆனால் பெயரை அறிந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டால், கருவி கேட்டதாகுமே தவிர நாம் கேட்டதாகாது.

இந்தப் பயிற்சியின் பயன் தோப்போடு முடிந்துவிடுவதில்லை. முதிய தந்தை ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அதைத் தொணதொணப்பு என்று கேட்கிறோம். அது தனிமையின் குரலாக இருக்கலாம். அண்டை வீட்டார் உரத்துப் பேசினால் பகை என்று கொள்கிறோம். அது அவர்களது கவலையாக இருக்கலாம். எல்லைக்கு அப்பால் பேசப்படும் மொழி நமக்கு இரைச்சலாகத் தோன்றலாம். அதுவும் ஒரு தாய் தன் குழந்தையைக் கொஞ்சும் மொழியே. நம் அச்சத்தையும் ஆசையையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, சொல்பவர் சொல்வதை அவ்வாறே கேட்பது அவருக்கு நாம் செய்யும் முதல் மரியாதை. நாளை விடியற்காலையில் கால்மணி நேரம் ஒரே ஒரு பறவைக்கு அந்த மரியாதையைச் செய்து பார்ப்போம். அன்று மனிதர்களின் குரலும் நமக்குச் சற்றுத் தெளிவாகக் கேட்கக்கூடும்.