நடுங்கும் பூனை யார் செய்த வினை?

மடத்துக்குளம் வட்டாரத்தில் பூனை வளர்க்க யாரும் காரணம் சொல்வதில்லை. அமராவதி பாயும் மண் இது. நெல்லும் கரும்பும் தென்னையும் இருந்தால் எலி வரும், எலி வந்தால் பூனை வரும். காசு கொடுத்து யாரும் வாங்குவதில்லை, அதுவாக வந்து சேர்ந்துகொள்ளும். விறகுக் கட்டுக்குப் பின்னாலோ, பரணிலோ, மாடிப்படிக்கு அடியிலோ குட்டி போடும். நான்கைந்து குட்டிகளில் எப்போதாவது ஒன்று, எழுந்து நடக்கப் பார்க்கும் மூன்றாம் நான்காம் வாரத்தில், கள்ளுக்கடையிலிருந்து வருபவரைப் போலத் தள்ளாடும். பால் தட்டுக்குத் தலையைக் கொண்டுபோனால் தலை வெடவெடவென்று ஆடும். மூக்கு தட்டில் மோதும். நான்கு காலையும் அகட்டி வைத்து, தேவைக்கு மேல் பாதத்தைத் தூக்கி, நினைத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் விழும்.

வீட்டில் அப்போது இரண்டு பேச்சு கிளம்பும். "போன சென்மத்துல என்ன பாவம் பண்ணுச்சோ" என்பது ஒன்று. "இப்படிக் கிடந்து அவதிப்படறதுக்கு ஒரேயடியாப் போய்ச் சேர்ந்தாத் தேவலைங்க" என்பது மற்றது. இரண்டும் இரக்கத்தில் பிறந்தவைதான், அதில் சந்தேகமில்லை. முதல் பேச்சு வினையைப் பற்றியது, அடுத்தது கொல்லாமையைப் பற்றியது. இந்த மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடப்பட்ட விஷயங்கள் இரண்டுமே. திண்ணையில் கிடக்கும் ஒரு சிறு பூனை அந்தப் பழைய வழக்கைத் திரும்ப எடுக்க வைக்கிறது.

வழக்கின் நாயகன் யார் என்று முதலில் பார்த்துவிடலாம். சிறுமூளை முழுதாக வளராமல் போன குட்டி இது. உடம்பை அசையச் சொல்லி உத்தரவு போடுவது பெருமூளையின் வேலை. அந்த அசைவை அளந்து, கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டிக் கொடுப்பது சிறுமூளை. அளப்பவர் இல்லாததால் கால் தேவைக்கு மேல் போகிறது, தலை குறியைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. அதனால்தான் எதையாவது குறிவைக்கும்போது நடுக்கம் கூடுகிறது, தூங்கும்போது அடியோடு நின்றுவிடுகிறது. இதில் வலி கிடையாது. நாளாக நாளாக முற்றுவதும் இல்லை. மற்றப் பூனைக்குத் தொற்றுகிற குறையும் அல்ல. சாதாரணப் பூனை எத்தனை ஆண்டு வாழுமோ, பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் இதுவும் அத்தனை ஆண்டு வாழக்கூடும்.

காரணம் பெரும்பாலும் ஒரு பார்வோ வைரஸ். வயிற்றுப்போக்கும் வாந்தியுமாகப் பூனைகளைக் கூட்டமாகச் சாகடிக்கும் அதே கிருமி. தாய் சினையாக இருக்கும் கடைசிக் கட்டத்திலோ, குட்டி பிறந்த முதல் ஓரிரு வாரங்களிலோ தாக்கினால், வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் செல்களைத் தேடிப் போய் அழிக்கும். அந்த நாட்களில் சிறுமூளையில்தான் அப்படிப்பட்ட செல்கள் மும்முரமாகப் பெருகுகின்றன. தள்ளாடும் பூனைக்குட்டிகளைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர்கள் 1888இலேயே எழுதிவிட்டார்கள். பரம்பரைக் கோளாறு என்றே பல காலம் எண்ணியிருந்தனர். லாரன்ஸ் கில்ஹாம், ஜார்ஜ் மார்கோலிஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1966இல் வைரஸ்தான் குற்றவாளி என்று காட்டினார்கள்.

ஆக, பாவம் செய்தது யார் என்ற கேள்விக்கு மருத்துவம் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஆனால் வினைக் கோட்பாட்டை நம்புபவர் இதற்கெல்லாம் அசைய மாட்டார். "வைரஸ் வந்தது சரி, நாலு குட்டியில் இந்தக் குட்டிக்கு மட்டும் ஏன் வந்தது?" என்பார். நியாயமான கேள்விதான். 'எப்படி' என்பதற்கு விடை சொல்லும் அறிவியல், 'ஏன் இதற்கு' என்பதைத் தொடுவதில்லை.

அந்த இடத்தில் நம் சமயங்களும் லேசில் விடை சொல்லிவிடவில்லை. விலங்குப் பிறவி பழைய வினையை அனுபவித்துக் கழிக்கும் பிறவி, புதிதாக வினை சேர்க்கும் பிறவி அல்ல என்ற எண்ணம் இங்கே பரவலாக உண்டு. அப்படியானால் இந்தக் குட்டி தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. நாம் குறுக்கே போகலாமா? இந்த வாதம் மனிதரைப் பற்றியும் எழுந்தது. பசித்தவன் தன் வினைக்குப் பசித்திருக்கிறான், சோறு போட்டால் கடவுளின் ஆணைக்கு எதிராகாதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். வடலூர் வள்ளலார் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்ற நூலில் இதை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டார். பெருங்குற்றம் செய்து விலங்கு பூட்டிச் சிறையில் கிடப்பவனுக்குக்கூட அரசன் தன் சேவகர் கையால் உணவு கொடுக்கச் செய்கிறானே, தண்டனை வேறு, பட்டினி வேறு என்பது அவர் பதிலின் சாரம். வாதத்தோடு நிற்கவும் இல்லை. 1867 மே 23இல் வடலூரில் தருமச்சாலையைத் திறந்து அடுப்பு மூட்டினார். அந்தக் காருண்யம் மனிதரோடு முடியாமல் மிருகம், பறவை வரைக்கும் நீள்கிறது.

வள்ளலாரின் பதிலில் கவனிக்க வேண்டியது, அவர் வினையை மறுக்கவில்லை என்பதுதான். வினை இருக்கட்டும், அதனால் உன் கடமை குறையாது என்கிறார். வினையைப் பேசுபவர்களில் பலர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். "அது செஞ்ச பாவம்" என்று சொல்லும் வாய் அடுத்த கணமே "நமக்கென்ன" என்று முடிப்பதைப் பார்த்தால், அந்தக் கோட்பாடு இரக்கத்திலிருந்து கழன்றுகொள்ள வசதியான கதவாகிவிட்டதோ என்றுதான் தோன்றுகிறது.

பூனையைக் கொன்றால் மகா பாவம் என்று ஊரில் சொல்வார்களே, அதன் சேதியும் கொஞ்சம் கோணலானது. மனு தர்மத்தின் பதினோராம் அத்தியாயம் பூனை, கீரி, தவளை, நாய், காக்கை முதலானவற்றைக் கொன்றால், சூத்திரனைக் கொன்றதற்கு என்ன பரிகாரமோ அதையே செய்யச் சொல்கிறது. பூனைக்கு இது உயர்வா, மனிதனுக்கு இது இழிவா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம். உயிரின் மதிப்பைக் கற்றுக்கொள்ள அது தக்க பள்ளிக்கூடம் அல்ல.

இனி இரண்டாவது பேச்சு. கொன்றுவிடுவது கருணையாகுமா? கொங்கு நாட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. விசயமங்கலத்தில் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. உடுமலையை அடுத்த திருமூர்த்தி மலை அமணலிங்கேசுவரர் கோயிலும் ஒரு காலத்தில் சமணம் சார்ந்த இடமாக இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்த உயிரையும், அதன் நன்மைக்கு என்று சொல்லியும், கொல்லலாகாது என்பது அந்த மரபின் உறுதி.

அந்த உறுதியோடு மோதியவர் காந்தி. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று முடமாகி நோயில் விழுந்தது. மருத்துவம் பார்த்தும் பயனில்லை, பிழைக்காது என்று சொல்லிவிட்டார்கள். வேதனையில்லாமல் புரண்டு படுக்கவும் அதனால் முடியவில்லை. ஆசிரமத்தாருடன் கலந்து பேசி, டாக்டரை அழைத்து ஊசி போட்டுக் கன்றின் உயிரை முடிக்கச் செய்தார். நிதி திரட்டப் பம்பாய் போகவேண்டிய நேரத்தில் இது வேண்டாத வம்பு என்ற பேச்சும் அப்போது எழுந்தது. அக்டோபர் 4ஆம் தேதி 'யங் இந்தியா'வில் தன் செயலை விளக்கி எழுதினார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன, சமணர்கள் கொதித்தார்கள். தன் சொந்தப் பிள்ளைக்கே தீராத வேதனை வந்து வேறு வழியும் இல்லாமல் போனால் அதையே செய்வேன் என்ற அளவுக்குப் போனார் காந்தி.

காந்தி செய்தது சரியா தவறா என்ற விவாதம் முடியப்போவதில்லை. ஆனால் நடுங்கும் பூனைக்கு எதிராக அந்தக் கன்றைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. கன்றுக்கு வேதனை இருந்தது, மீள வழி இல்லை. காந்தியின் வாதம் முழுவதும் அந்த இரண்டின் மேல் நிற்கிறது. பூனைக்கோ வேதனை இல்லை. அது விழுகிறது, எழுகிறது, மறுபடி தட்டுக்குப் போகிறது. தன்னைக் கூடப் பிறந்த குட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏங்குவதாக நினைக்க ஆதாரம் எதுவும் இல்லை. அது நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே நடை என்றால் அதற்கு இப்படித்தான். வேதனை பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது. அதைத் தீர்க்கப் பூனையைக் கொல்வது கருணைக் கணக்கில் வராது. மிகக் கடுமையான நிலையில், தலையைத் தூக்கவே முடியாமல், உணவு இறங்காமல் கிடக்கும் குட்டியின் கதை வேறு. அங்கே காந்தியின் கேள்வி உயிரோடு வரும், கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

உண்மையில் ஊரில் அதிகம் நடப்பது இந்த இரண்டுமே இல்லை. வளர்ப்பதும் இல்லை, கொல்வதும் இல்லை. சாக்கில் போட்டுக்கொண்டு போய்ச் சந்தைப்பேட்டையிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வருவது. கையில் ரத்தம் படாது, மனசாட்சியும் தொந்தரவு செய்யாது. தடுமாறாமல் நாலு அடி வைக்க முடியாத பிராணிக்கு நாயிடமிருந்தோ லாரியிடமிருந்தோ தப்ப வழியில்லை. பசியும் தாகமும் நேரும் நிலையில் விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். நபிகள் நாயகத்தின் பொன்மொழிகளில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. பூனையைக் கட்டி வைத்து, தானும் தீனி போடாமல், அது போய்த் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்டதால் நரகம் புகுந்தாளாம். தானாகத் தேடித் தின்ன முடியாத உயிர் நம் வாசலில் பிறந்துவிட்டால் அது கட்டாமலே கட்டுண்டதுதான். கயிறு இல்லை என்பதால் கடமை விலகிவிடாது.

பூனைக்கும் தமிழ்ச் சமயத்துக்கும் உள்ள உறவில் இரண்டு படிமங்கள் பிரபலம். மாமல்லபுரத்துப் பாறையில் பின்காலில் நின்று தவம் செய்யும் போலிப் பூனை ஒன்று. அதன் காலடியில் ஏமாளி எலிகள். மற்றது வைணவர்களின் பூனைக்குட்டி. இறைவன் அருளைப் பெற உயிர் ஏதாவது செய்யவேண்டுமா என்பதில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பிள்ளை லோகாசாரியரின் வழியும் வேதாந்த தேசிகரின் வழியும் பிரிந்து நின்றன. பின்வந்தவர்கள் அதற்கு உவமை சூட்டினார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், அது வடகலை. பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாய்தான் கவ்விக்கொண்டு போகும், அது தென்கலை.

அழகான உவமைதான். ஆனால் தாய்ப்பூனை எத்தனை நாள் கவ்வும்? குட்டி நடக்கத் தொடங்கும் வரைதான். நடுக்கம் வெளியே தெரிவதும் சரியாக அப்போதுதான். கண் திறக்காத குட்டிகள் எல்லாம் ஒரே மாதிரிதான் ஊர்கின்றன, எந்தக் குட்டியில் குறை என்று தாய்க்கும் தெரியாது. தெரியவரும்போது அவள் கவ்வுவதை விட்டுவிடும் வேளை வந்திருக்கும். உவமை முடியும் அந்த இடத்திலிருந்து மனிதர்தான் தூக்கவேண்டும்.

எப்படித் தூக்குவது என்பதிலும் அந்த இரு கலைகளுக்கு வேறு வேறு கருத்து உண்டு. அடியவரின் குற்றத்தை இறைவன் காணாததுபோல் இருப்பான் என்பது வடகலை. ஈன்ற பசு கன்றின் மேலுள்ள அழுக்கை நக்குவதுபோல் குற்றத்தையே விரும்பி ஏற்பான் என்பது தென்கலை. குறையைக் குற்றமென்று சொல்லக்கூடாதுதான், ஆனாலும் இந்த வேறுபாடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காணாததுபோல் இருந்தால் பூனை கிணற்றில் விழும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் ஏறும். நக்கும் பசுவைப்போல் அந்தக் குறையோடு நெருங்கிப் பழகினால்தான் எங்கே வழுக்கும், எங்கே இடிக்கும் என்பது தெரியும். நெருக்கத்திலும் ஒரு ஆபத்து உண்டு. தள்ளாடுவதைச் செல்பேசியில் பிடித்து, சினிமாப் பாட்டை ஒட்டி உலகத்துக்கு அனுப்புவதை அன்பு என்று எண்ணுபவர்கள் பெருகியிருக்கிறார்கள். ரசிப்பது ஒன்று, பூனையைக் கோமாளி ஆக்குவது வேறு.

பராமரிப்புக்குப் பெரிய செலவு இல்லை. டைல்ஸ் தரை இந்தப் பூனைக்கு எதிரி, கால் ஊன்றாது. திருப்பூர் கம்பெனிகளில் கழிந்து எடைக்கு விற்கும் பனியன் வேஸ்ட் இங்கே எளிதில் கிடைக்கும், கெட்டியான துண்டாகப் பார்த்து விரித்தால் நல்ல பிடிமானம். நூல் பிரிந்து தொங்கும் துண்டு மட்டும் வேண்டாம். நூலை விழுங்கிவிட்டால் குடலைச் சுருட்டி உயிருக்கே உலை வைக்கும். சாப்பாட்டுத் தட்டு கனமாக, கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும். மலம் கழிக்கும் மண் தட்டுக்கு ஒரு பக்கம் தாழ்வான விளிம்பு, சாய்ந்து நிற்க மறுபக்கம் உயரமான சுவர். வெளியே தனியாக விடவேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நடுங்கும் பூனையெல்லாம் இந்த வகை அல்ல. நேற்று வரை நன்றாக நடந்த பூனை இன்று நடுங்கினால் அது விஷமாக இருக்கலாம். நாய்க்கோ மாட்டுக்கோ போடும் உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவுவது பல வீடுகளில் நடக்கிறது. அந்த மருந்துகளில் சிலவற்றைப் பூனையின் உடம்பால் சிதைத்து வெளியேற்ற முடியாது, வலிப்பு வந்து பூனை இறந்துபோகலாம். அங்கே ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

வருமுன் காப்பது இதைவிட எளிது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, நான்கு மாத வயது வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் போட்டு முடியுங்கள். சினைப்பூனைக்கு உயிர்க்கிருமித் தடுப்பூசி போடக்கூடாது, அதுவே குட்டியின் சிறுமூளையைக் கெடுக்கலாம். நோய் வந்துபோன வீட்டில் கிருமி ஓராண்டு வரைகூடப் பிழைத்திருக்கும், சாதாரண சோப்பு போதாது, பிளீச் கரைசலால் கழுவுங்கள். தள்ளாடும் குட்டி ஏற்கனவே பிறந்துவிட்டதா? சாக்கைத் தேடாதீர்கள். உடுமலைப்பேட்டையில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஒரு துண்டில் சுற்றி அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.