மண் குதிரையை நம்பலாமா?

"மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பது முன்னோர் வாக்கு. ஆற்று நடுவே உள்ள மணல் திட்டாகிய 'மண் குதிர்' என்பதே இவ்வாறு திரிந்தது என்று கூறுவோரும் உளர். எவ்வாறாயினும், நிலையற்றதை நம்பாதே என்பதே அதன் கருத்தாகும். அப்படியானால், உடையும் மண்ணால் குதிரை செய்து தெய்வத்துக்கு நேர்ந்து வைப்பது தகுமா என்ற வினா எழுகின்றது.

மலையகத்தில் வாழும் நம்மில் பலரது முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் இன்றும் அய்யனாருக்குப் 'புரவி எடுப்பு' விழா நடைபெறுகின்றது. ஊர்ப் பெரியோர் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுத்து வேலையைத் தொடங்கி வைப்பர். இது 'பிடிமண் கொடுத்தல்' எனப்படும். வேளார் களிமண்ணுடன் மணலும் உமியும் கலந்து பிசைவார். கால்களை முதலில் நிறுத்தி, உட்புறம் கூடாக இருக்கும்படி உடலை மேலெழுப்பி, நன்கு உலர்த்திச் சூளையில் சுடுவார். ஈரம் எஞ்சியிருந்தால் நெருப்பில் வெடித்துவிடும். குதிரையுடன் யானை, காளை முதலியனவும் நேர்த்திக்கடனாகச் செய்யப்படுவதுண்டு. விழா நாளில் மாலை சூட்டி, தோளில் சுமந்து சென்று, கோயிற்காட்டு மர நிழலில் நிறுத்துவர்.

அங்கே பழைய குதிரைகள் மழையிலும் வெயிலிலும் சிதைந்து, வேர்களுக்கிடையே ஓடாகிக் கிடக்கும். அதற்காக எவரும் வருந்துவதில்லை. அருகிலேயே புதிய குதிரை வந்து நிற்கும்.

இது நமக்கும் புதிதன்று. மஞ்சளில் பிள்ளையார் பிடித்துப் பூசித்தபின் நீரில் கரைக்கிறோம். திருவிழாவில் ஆற்றங்கரையில் கரகம் பாலித்து, முடிவில் ஆற்றிலேயே குடிவிடுகிறோம். கரைந்தது என்பதற்காகப் பூசை வீணாயிற்று என்று எவரும் சொல்வதில்லை.

இக்காலத்தில் சீமெந்தால் குதிரை கட்டி வர்ணம் பூசும் வழக்கம் பரவியுள்ளது. "ஒருமுறை செய்தால் போதும்" என்பர். மலைநாட்டு மழையையும் தோட்டத் தொழிலாளரின் வருமானத்தையும் எண்ணினால் அது நியாயமான பேச்சே. ஆயினும் 'ஒருமுறை போதும்' என்ற எண்ணம் சிலையோடு நில்லாமல் மனத்துக்குள்ளும் புகுந்துவிடலாம். தந்தை கட்டிய சீமெந்துச் சிலையில் தந்தையின் பெயர் இருக்கும். மகனுக்குச் செய்ய வேலை எதுவும் இராது. மண் குதிரையோ மகனையும் பேரனையும் மீண்டும் அழைக்கும்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டாமல் விட்டால் அது மரமாகி ஓங்கிவிடும். கைக்கு எட்டும் கொழுந்து கிடைக்காது. வெட்டித் துளிர்க்க விடுவதாலேயே தலைமுறை தலைமுறையாக அது பயன் தருகின்றது. பக்தியும் அத்தகையதே.

ஆகவே மெய்யடியார்களே, கோபுரத்தையும் மண்டபத்தையும் உறுதியாகக் கட்டுவோம். ஆனால் ஆண்டுதோறும் நம் கைகளாலேயே புதிதாகச் செய்யவேண்டிய ஒரு பணியையாவது பிள்ளைகளுக்கு விட்டுவைப்போம். உடைந்ததை மீண்டும் செய்ய ஆள் இருக்கும்வரை மண் குதிரையை நம்பலாம்.

எல்லாம் வல்ல அம்பாளின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.