தூண்டிலைத் தொடாதவன் வினை

தூண்டில் முள்ளை மீனின் வாயில் ஏற்றுபவன் ஒருவன், அந்த மீன் கிடக்கும் இடத்தை அறிந்து அவனைப் படகில் ஏற்றிக் கூட்டிச்செல்பவன் இன்னொருவன் என்றால், மீனுக்கு நேரும் துன்பத்தில் இரண்டாமவனுக்கு எவ்வளவு பங்கு என்பது, மேலோட்டமாகப் பார்க்கையில் எளிதாகவும் நெருங்கிப் பார்க்கையில் கடினமாகவும் இருக்கும் அறவியல் கேள்விகளுள் ஒன்று. வட அமெரிக்காவின் பேரேரிகளை அடுத்துள்ள மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. அங்கே மீன்பிடி வழிகாட்டி என்பது ஒரு தொழில். படகும் தூண்டிற்கோலும் இரையும் அவருடையவை. நாட்கூலி பேசி, வெளியூரிலிருந்து வரும் தூண்டிற்காரர்களை ஏற்றிக்கொண்டு, மீன் இருக்கும் இடத்தில் படகை நிறுத்துவது அவர் வேலை. விளையாட்டாகப் பிடித்த மீனை விற்பதை அங்குள்ள சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், அவர் விற்பது மீனை அன்று. மீன் எங்கே இருக்கும் என்ற அறிவை மட்டுமே.

அவரை நாடி வருவோர் பெரும்பாலும் கேட்பது இரண்டு இனங்களை. ஒன்று வால்ஐ. பெர்ச் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மீனின் விழித்திரைக்குப் பின்னால், பூனைக்கண்ணில் இருப்பதைப் போல ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. மங்கிய வெளிச்சத்திலும் கலங்கிய நீரிலும் இரை தேட அது உதவுகிறது, விளக்கொளி பட்டால் கண் பால்வெள்ளையாக மின்னுகிறது, மீனுக்குப் பெயர் வந்ததும் அக்கண்ணால்தான். 1965 முதல் மினசோட்டாவின் மாநில மீனாக இருப்பதும் இதுவே. மற்றொன்று பாஸ், அதிலும் சிறுவாய் பாஸ், பெருவாய் பாஸ் என இரு வகை. வால்ஐ சுவைக்காகத் தேடப்படுவது, வாணலியில் முடிவது. பாஸோ தூண்டிலில் மாட்டியபின் துள்ளிப் போராடும் ஆற்றலுக்காகத் தேடப்படுவது, பெரும்பாலும் படம் எடுக்கப்பட்டு நீருக்கே திரும்புவது. ஆக ஒரே படகில், ஒரே நாளில், ஒரே கையால் இரண்டு வெவ்வேறு அறங்கள் கடைப்பிடிக்கப்படுகின்றன. அவற்றுள் எது மேலானது என்று கேட்டால், படகில் இருப்போர் பெரும்பாலும் விட்டுவிடுவதே மேல் என்பார்கள். அந்த விடை அவ்வளவு உறுதியானதன்று.

இலையுதிர்காலம் இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. கோடையில் ஏரியின் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் குளிர்ந்தும் இரண்டு அடுக்குகளாகப் பிரிந்து கிடக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மேல்நீர் குளிர்ந்து, அடர்த்தி கூடி, கீழே இறங்க, காற்றும் சேர்ந்து கலக்க, ஏரி முழுவதும் ஒரே வெப்பநிலைக்கு வருகிறது. நீரியலார் இதை ஏரியின் புரட்டல் என்பர். நீர் 4 டிகிரி செல்சியஸில் மிகுந்த அடர்த்தி பெறுவதால்தான் பனிக்காலத்தில் மேலே உறைந்தும் அடியில் உயிர்கள் வாழ முடிகிறது. குளிர்காலத்தை எதிர்நோக்கி மீன்கள் இக்காலத்தில் நிறைய உண்கின்றன, கூட்டமாகவும் சேர்கின்றன. மினசோட்டாவுக்கும் ஒன்டாரியோவுக்கும் எல்லையாக ஓடும் ரெய்னி ஆற்றில், லேக் ஆஃப் த உட்ஸ் ஏரியிலிருந்து ஷைனர் என்னும் விரல்நீளச் சிறுமீன்கள் இலையுதிர்காலத்தில் திரளாக ஏறிவர, அவற்றைத் துரத்திக்கொண்டு வால்ஐகளும் ஆற்றுக்குள் நுழைகின்றன. சிறுவாய் பாஸோ, விஸ்கான்சினின் சில ஆறுகளில் ஆய்ந்தறிந்தபடி, நெடுந்தொலைவு இடம்பெயர்ந்து ஆழமான சில மடுக்களில் ஒன்றுகூடிக் குளிர்காலத்தைக் கழிக்கிறது. கோடையில் நீரெங்கும் சிதறிக் கிடந்தவை இப்போது ஒரு வீட்டுமனை அளவுள்ள பள்ளத்தில் திரண்டு கிடக்கின்றன. அந்தப் பள்ளம் எது என்று அறிந்தவரின் அறிவுக்கு ஆண்டின் வேறெந்தப் பருவத்திலும் இல்லாத வலிமை இப்போது உண்டு.

இவ்விவாதத்தில் வழக்கமாக முதலில் எழுப்பப்படுவது மீனுக்கு வலிக்குமா என்ற கேள்வி. 2002-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரோஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பாலூட்டிகளின் மூளையில் உள்ள புறணி மீன்களுக்கு இல்லாததால் வலியை உணர்வாக அறிய அவற்றால் இயலாது என வாதிட்டார். மறு ஆண்டே லின் ஸ்னெடனும் அவரோடு பணியாற்றியவர்களும், வானவில் டிரவுட் மீனின் முகத்தில் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதையும், உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உண்ண மறுத்துத் தொட்டியின் அடிக்கற்களில் உதட்டைத் தேய்த்துக்கொண்டதையும் வெளியிட்டனர். வழக்கு இன்றும் முடியவில்லை. ஆனால் வழிகாட்டியின் பொறுப்பை ஆராய அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐயம் இருக்கும் இடத்தில் ஐயத்தின் பயனைக் கையில் கோல் வைத்திருப்பவருக்குத் தருவதா, வாயில் முள் ஏறியவருக்குத் தருவதா என்பது உயிரியல் கேள்வி அன்று, அறக்கேள்வி. போகிற போக்கில் ஒன்று: வால்ஐக்கு இரையாக முள்ளில் உயிரோடு கோக்கப்படும் சிறுமீனைப் பற்றி இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படுவதில்லை. அதுவும் மீன்தான்.

வலி உண்டு என்றே வைத்துக்கொண்டால், பிடித்து விடுவதற்கும் பிடித்து உண்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு வியப்பான முறையில் தலைகீழாகிறது. கிறித்துவ அறவியலில், தாமஸ் அக்குவைனஸிடம் வேர்கொண்டு வளர்ந்த இருவிளைவுக் கோட்பாடு என்று ஒன்று உண்டு: ஒரு செயலால் நன்மையும் தீமையும் சேர்ந்து விளையும்போது, தீமை நாடப்படாமல் முன்னறியப்பட்டதாக மட்டும் இருந்து, நன்மையும் அதற்கு ஈடாக இருந்தால், அச்செயல் ஒப்பத்தக்கது என்பது அதன் சாரம். உணவுக்காகப் பிடிப்பவர் நாடுவது உணவை. மீனின் போராட்டம் அவருக்கு வேண்டாத இடையூறு, அது போராடாமலே கைக்கு வந்தால் அவருக்கு இழப்பில்லை. விளையாட்டுக்காகப் பிடித்து விடுபவர் நாடுவதோ அந்தப் போராட்டத்தையே; போராடாத பாஸ் அவருக்குப் பாஸே அன்று. எனவே கருணையாகத் தோன்றும் செயலில்தான் துன்பம் நோக்கமாகவும், கொலையாகத் தோன்றும் செயலில் அது பக்கவிளைவாகவும் அமைகிறது. அயர்லாந்து மெய்யியலாளரும் தாமே தூண்டிற்காரருமான ஏ. ஏ. லூஸ் 1959-இல் வெளிவந்த தம் நூலில், உணவு நோக்கம் இல்லாத தூண்டிலுக்கு நியாயம் இல்லை என்ற நிலையை எடுத்தார். சுவிட்சர்லாந்தின் 2008-ஆம் ஆண்டு விலங்குக் காப்பு ஆணை, விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதைத் தடைசெய்தது. ஜெர்மனியின் சட்டம், தக்க காரணமின்றி எந்த விலங்குக்கும் வலி இழைக்கலாகாது என்கிறது. அலாஸ்காவின் யூப்பிக் மக்களுக்கோ, தன்னைத் தரவந்த மீனைப் பிடித்து விடுவது உணவோடு விளையாடும் அவமதிப்பு. மெய்யியலும் சட்டமும் பழங்குடி வழக்கும் தனித்தனி வழிகளில் வந்து ஒரே இடத்தில் சந்திப்பதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

இதுவரை பேசியது கோல் பிடித்தவரைப் பற்றி. கோலைத் தொடாத வழிகாட்டியைப் பற்றிப் பேச மேலை அறவியலைக் காட்டிலும் இந்தியச் சமணம் கூர்மையான கருவிகளைத் தருகிறது. வினையைச் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாரை உடன்படல் என்று அது மூன்றாகப் பகுத்து, மூன்றுக்கும் பொறுப்பு உண்டு என்கிறது. திருக்குறளின் புலால்மறுத்தல் அதிகாரமும், கொல்வோரின் வினையில் வாங்குவோருக்குப் பங்கு இல்லை என்ற சமாதானத்தை ஏற்பதில்லை. வழிகாட்டியின் நிலை இதற்கு நேர் எதிரானது என்பதே இங்குள்ள சுவை: அங்கே பணம் கொடுப்பவன் பிறனைக் கொண்டு கொல்விக்கிறான், இங்கே பணம் வாங்குபவன் செய்விக்கிறான். பௌத்தம் இல்லறத்தார் தவிர்க்கவேண்டிய வணிகங்களாக ஆயுதம், உயிர்கள், ஊன், கள், நஞ்சு ஆகிய ஐந்தைச் சொல்கிறது. வழிகாட்டி உயிரையும் விற்பதில்லை, ஊனையும் விற்பதில்லை என்பதால், அப்பட்டியலின் எழுத்துக்குள் அவர் அகப்படமாட்டார். பட்டியலின் நோக்கத்துக்குள் அகப்படுவாரா என்பது வேறு. மீனின் இருப்பிடத்தை விற்பதும் மீனை விற்பதும் ஒன்றே என்று சொல்வது மிகை. இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்பது அதைவிடப் பெரிய பொய்.

ஆயினும் செய்விப்போர் எல்லோருடைய பொறுப்பும் ஒரே அளவினதாகாது. அளவை முடிவுசெய்வது எது என்பதற்கு, அக்டோபர் மாதத்து மடு ஒன்றில் பத்து மீட்டர் ஆழத்தில் நடப்பதைப் பார்த்தால் போதும். வால்ஐக்கும் பாஸுக்கும் உடலுக்குள் காற்றுப்பை உண்டு. நீரில் மிதக்கவும் தாழவும் அது உதவுகிறது. கெண்டைமீனின் காற்றுப்பை தொண்டையோடு குழாயால் இணைந்திருப்பதால், கெண்டை காற்றை வாய்வழியே விட்டுவிடும். இவ்விரு மீன்களின் பையோ மூடியது, காற்றை இரத்தத்தின் வழியே மெல்ல மெல்லத்தான் குறைக்க முடியும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்கு. அங்கிருந்து மீனை ஒரு நிமிடத்தில் மேலே சுருட்டினால் பையிலுள்ள காற்று இரு மடங்காக விரிகிறது. வயிறு உப்புகிறது, கண் பிதுங்குகிறது, சில மீன்களில் இரைப்பையே வாய்க்குள் தள்ளப்படுகிறது. படம் எடுத்து நீரில் விட்டதும் அந்த மீன் தலையைக் கீழே திருப்பி வாலால் நீரை அடிக்கிறது, ஓர் அடி இறங்குகிறது, மீண்டும் பக்கவாட்டில் சாய்ந்தபடி மேலே வந்து நிற்கிறது. தூண்டிற்காரர் அதற்குள் அடுத்த இரையைக் கோத்திருப்பார். அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் வழிகாட்டி ஒருவரே.

சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குத் தரும் இலக்கணம் இங்கே பொருந்துவதுபோல் வேறெதுவும் பொருந்தவில்லை: கவனமின்மையின் வசப்பட்டு உயிரைப் பறிப்பதே இம்சை என்கிறது அது. கவனமின்மைக்கு அந்நூல் ஆளும் சொல்லின் வேரிலிருந்து பிறந்ததுதான் பிரமாதம். தமிழில் அச்சொல் எப்படியோ பாராட்டாக மாறிப்போனது, பெரிய மீனைப் பிடித்தவருக்குச் சொல்லத்தக்க பாராட்டாகவும். வெளியூரிலிருந்து வந்த தூண்டிற்காரருக்குக் காற்றுப்பையைப் பற்றித் தெரியாது, அவருடையது அறியாமை. சோனார் திரையில் ஆழத்தை அடிக்கணக்கில் பார்த்துக்கொண்டே படகை நிறுத்தியவருக்குத் தெரியும். அவர் அதைப் பொருட்படுத்தாவிட்டால் அது அறியாமை ஆகாது. அறிவை விற்றுப் பிழைப்பவருக்கு, தெரியாது என்று சொல்லும் வசதி தொழிலாலேயே மறுக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் இந்த ஒரு நிலையில், கோலைத் தொடாதவரின் பங்கு கோல் பிடித்தவரின் பங்கைவிடப் பெரியது என்பதே சரியான முடிவு.

விஸ்கான்சினில் வாழ்ந்த ஆல்டோ லியபோல்ட், அவர் மறைந்த மறு ஆண்டான 1949-இல் வெளிவந்த நூலில், வேட்டைக்காரனைக் கைதட்டவோ கண்டிக்கவோ பார்வையாளர் இல்லாததால் அவன் தன் மனச்சான்றுக்கே விடப்படுகிறான் என்ற கருத்தைச் சொன்னார். வழிகாட்டியின் படகில் பார்வையாளர் உண்டு. ஆனால் அவர் காசு வாங்கிய பார்வையாளர். மாலையில் கிடைக்கும் அன்பளிப்பும் அடுத்த ஆண்டின் முன்பதிவும், விருந்தினர் எத்தனை பெரிய மீனைத் தூக்கிப் படம் எடுத்தார் என்பதைப் பொறுத்தவை என்கையில், ஆறு மீன் போதும், இடத்தை மாற்றுவோம் என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அதைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஆழத்தில் கிடக்கும் மீனைத் தொடாமல் கரையோரக் களைத்திட்டுகளிலேயே விருந்தினரை நிறுத்துவோர் உண்டு, ஆழத்தில் பிடித்தால் சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கை வரை வைத்துக்கொண்டு அத்தோடு தூண்டிலைச் சுருட்டச் சொல்வோரும் உண்டு. இவ்விரண்டுக்கும் புறம்பான மூன்றாவது வழி, அதாவது ஆழத்திலிருந்து நாள் முழுதும் எடுத்து எடுத்து விடுவது, கருணை என்ற பெயருக்கு உரியதன்று. பெரிய வால்ஐகள் பெரும்பாலும் பெண்மீன்கள் என்பதையும், அடுத்த வசந்தத்துக்கான முட்டைகள் இலையுதிர்காலத்திலேயே அவற்றின் வயிற்றில் வளரத் தொடங்கிவிடுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வழியின் விலை ஒரு மீனோடு முடிவதில்லை.

மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. 1837-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அங்கே மீன்பிடிக்கும் உரிமை ஒஜிப்வே பழங்குடியினருக்கு இன்றும் உண்டு என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. அதன்பின் ஏரியில் ஆண்டுதோறும் எடுக்கத்தக்க வால்ஐயின் அளவு பழங்குடியினருக்கும் மாநிலத்துக்கும் இடையே எடைக்கணக்கில் பங்கிடப்படுகிறது. தூண்டிற்காரர்கள் விட்டபின் இறந்திருக்கும் மீன்களை, நீரின் வெப்பநிலையையும் விடப்பட்ட மீன்களின் எண்ணிக்கையையும் கொண்டு மதிப்பிட்டு, அவற்றின் எடையையும் மாநிலத்தின் பங்கில் கழித்துக்கொள்கிறார்கள். விடப்பட்டு இறந்த மீனுக்கும் வாணலிக்குப் போன மீனுக்கும் அந்தப் பேரேட்டில் ஒரே பத்தி.