உடலை விடுதலும் உடலைப் பேணுதலும்

நம் ஜினாலயங்களில் எழுந்தருளியுள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அமர்ந்த கோலம், நின்ற கோலம் என்னும் இரண்டே நிலைகளில் அமைந்தவை. எந்நிலையிலும் முதுகு வளைவதில்லை. கழுகுமலைப் பாறையில் கொடி படர நிற்கும் பாகுபலியும், சிரவணபெளகொளாவில் 57 அடி உயரத்தில் நிற்கும் கோமடேசரும் கைகள் தளர்ந்து தொங்க நிமிர்ந்தே நிற்கின்றனர். அந்நிலைக்குக் காயோத்ஸர்க்கம் என்று பெயர். காயம் என்பது உடல். உத்ஸர்க்கம் என்பது விடுதல். உடல் எனது என்னும் பற்றை விடுதல் என்பதே அதன் பொருள்.

மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், நிமிர்ந்து அமருங்கள் என்று மருத்துவர்கள் இன்று கூறுவதைக் கேட்டு, "இதை நம் ஆசாரியர்கள் அன்றே கூறிவிட்டனர்" என்று பெருமிதம் கொள்வோர் நம்மிடையே பலர். ஆனால் உடலை விடுவதற்கென வகுத்த ஒன்றை உடலைப் பேணுவதற்காகச் செய்யின், அது அறமாகுமா?

மருத்துவர் கூற்று பொய்யன்று. ஓய்வாக இருக்கும்போது வயது வந்தோர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகின்றனர். அதனை ஆறு அளவிற்குக் குறைத்து மெல்ல விடுங்கால் இதயம் அமைதியுறுகிறது; இரத்த அழுத்தமும் ஓரளவு தணிகிறது. கூனி அமர்ந்தாலோ வயிறு அமுங்கி, உதரவிதானம் கீழிறங்க இடமின்றி, மூச்சு மேலோட்டமாகிறது. (இதை நம்பி மருந்தை நிறுத்துவோரும் உளர், அது பேதைமை.)

இனி மூலாசாரம் கூறுவதைக் காண்போம். இரு பாதங்களுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி வேண்டும். கொடிபோல் அசைதல், குதிரைபோல் ஒரு காலைத் தூக்குதல், தூணிலோ சுவரிலோ சாய்தல் ஆகியன குற்றங்கள். கால அளவும் மூச்சினாலேயே கணக்கிடப்படுகிறது. பகலுக்குரிய பிரதிக்கிரமணத்தில் 108 மூச்சு, இரவுக்குரியதில் 54. பஞ்ச நமஸ்கார மந்திரத்தை முதல் இரு வணக்கங்கள் ஒரு மூச்சிலும், அடுத்த இரண்டு ஒரு மூச்சிலும், ஐந்தாவது ஒரு மூச்சிலுமாக ஒன்பது முறை நினைந்தால் 27 மூச்சாகும். 108 மூச்சை நிமிடத்திற்கு ஆறாக விட்டால் 18 நிமிடம் ஆகும். மருத்துவர் கேட்பதும் ஏறக்குறைய அவ்வளவே!

ஆயினும் இங்கு மூச்சு அளவுகோலேயன்றி இலக்கு அன்று. பிராணாயாமத்தை விரிவாக விளக்கிய சுபசந்திராசாரியரே, மூச்சை வலிந்து அடக்கினால் துன்பமும் அதனால் ஆர்த்தத் தியானமும் விளையும் என ஞானார்ணவத்தில் எச்சரிக்கிறார்.

நோன்பிற்கு உலகப் பயனை விலையாகக் கேட்பதை நம் நூல்கள் நிதானம் என்கின்றன. மாயை, மித்தியாத்துவம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் முள் அது. முள் நீங்கியவனே விரதி என்பது உமாஸ்வாமியின் கருத்து. அப்படியானால் உடல்நலம் நாடுவது குற்றமா? அன்று. மாலையில் நடைபயில்வாரை எவரும் குறை கூறார்; விரதம் காக்க உடல் வேண்டும். மூச்சுப் பயிற்சியைப் பயிற்சி என்றே சொல்லிச் செய்வதில் இழுக்கில்லை. அருகன் திருமுன் கண்மூடி நின்று, உள்ளத்தில் இரத்த அழுத்தத்தின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதே இடர்.

இதனை நம் முன்னோர் அறிந்தே காயோத்ஸர்க்கத்தை நால்வகையாகப் பிரித்தனர். உடலும் நின்று, எண்ணமும் நிமிர்ந்து அறத்தில் நிற்பது முதல் வகை. உடல் நிற்க, எண்ணம் கவலையில் அமர்ந்துவிடுவது இரண்டாவது. உடல் அமர்ந்திருக்க, எண்ணம் எழுந்து நிற்பது மூன்றாவது. இரண்டும் அமர்ந்துவிடுவது நான்காவது. முதுகெலும்பின் நேர்மையை மட்டும் அளப்பவர்க்கு முதலிரண்டும் ஒன்றாகவே தோன்றும். கோயிலில் நிற்கும் நம்முள் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர் என்றே எண்ணுகிறேன். இதை எழுதுபவனும் விலக்கல்லன்.

முழங்கால் நோவால் நிற்கவியலாத மூத்தோர் சிலர், முறைப்படி செய்ய இயலவில்லையே என ஸாமாயிகத்தையே விட்டுவிடுகின்றனர். மூன்றாம் வகை அவர்களுக்கு உரியது. நாற்காலியில் அமரட்டும், முதுகு தாளாதெனின் சாய்ந்துகொள்ளவும் செய்யட்டும். 27 மூச்சு எண்ணி முடியும்வரை எழாதிருந்தால் போதும்.