எழுத்துக்கு முன்னே



ஆண்டுதோறும் நவராத்திரியை ஒட்டி, கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியின் திருவுருவம் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருள்கிறது. கம்பர் வழிபட்ட திருவுருவம் இது என்பது மரபு. சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் உடன் வர, தேவி யானைமீது அமர்ந்து ஊர் ஊராகக் கடந்து சென்று, கோட்டைப் பகுதியிலுள்ள நவராத்திரி மண்டபத்தில் கொலுவீற்றிருக்கிறாள். விஜயதசமி காலையில் அந்நகரமெங்கும் வித்யாரம்பம் நடைபெறுகிறது. பெற்றோரின் மடியில் அமர்ந்திருக்கும் குழந்தையின் சுட்டுவிரலைப் பெரியவர் ஒருவர் பிடித்து, பரப்பிய அரிசியில் முதல் எழுத்தை எழுதுவிக்கிறார்.

இந்த வழக்கத்தில் ஆழ்ந்த பொருள் ஒன்று உண்டு. கல்விக்குரிய தெய்வம் தன் இருப்பிடத்திலேயே அமர்ந்து, 'வர முடிந்தவர்கள் வரட்டும்' என்று காத்திருக்கவில்லை. தானே புறப்பட்டுக் குழந்தைகள் இருக்கும் இடத்திற்கு வருகிறாள். குழந்தை அறிவை நோக்கி வர இயலாதபோது, அறிவுதான் குழந்தையை நோக்கி நடக்க வேண்டும்.

இவ்வாறு மடியில் அமரும் குழந்தைகளுள், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையும் இருக்கும். விரலைப் பிடித்தால் துடித்து அலறும் குழந்தையும், மூன்று வயதாகியும் 'அம்மா' என்று சொல்லாத குழந்தையும் இருக்கும். அக்குழந்தையின் தாய்க்கு ஊர் இரண்டு பதில்களைத் தயாராக வைத்திருக்கிறது. ஒன்று: "கவலைப்படாதே, இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார். எல்லாம் தானாகச் சரியாகிவிடும்." மற்றொன்று, அவள் இல்லாதபோது சொல்லப்படுவது: "எந்தப் பிறவியில் செய்த வினையோ!" முதல் பதில் ஆறுதல் போலவும், இரண்டாவது பதில் தத்துவம் போலவும் தோன்றுகின்றன. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன: ஒன்றும் செய்யாமல் இருத்தல். இவ்விரண்டையும் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

அன்பு கவனிக்கிறது

கல்வி அரிசியில் எழுதும் எழுத்தோடு தொடங்குவதில்லை. பாலூட்டும் தாயின் முகத்தைப் பார்த்துக் குழந்தை சிரிக்கும் அந்தக் கணத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக அது பாடுகிறது. ஐந்தாம் மாதத்தில் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டு நிறைந்தபின் தளர்நடையிட்டு வரும் வருகை. பெரியாழ்வார் கண்ணனை இவ்வாறே பருவந்தோறும் பார்த்துப் பார்த்து உருகினார். வாத்சல்யம் என்ற பக்தி நெறியின் உயிர்நாடி இக்கவனிப்பே ஆகும். அன்பு குருடானது என்பார்கள். தாயன்போ ஆயிரம் கண்ணுடையது.

இதே கவனிப்பை விஞ்ஞான முறையில் ஒழுங்குபடுத்திய பணியும் திருவனந்தபுரத்திலேயே நடந்தது. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987-இல் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழந்தை வளர்ச்சி மையத்தைத் தொடங்கினார். அவரும் அவருடன் பணியாற்றியோரும் உருவாக்கிய 'திருவனந்தபுரம் வளர்ச்சிக் கணிப்பு அட்டவணை' 1991-இல் வெளியாயிற்று. பிறந்தது முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்கான 17 செயல்கள் அதில் உள்ளன. முகம் பார்த்துச் சிரித்தல், நகரும் பொருளைக் கண்ணால் தொடர்தல், தலை நிற்றல், குப்புறப் புரளுதல், ஒலி வந்த திசையில் திரும்புதல், ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுதல், கைகொட்டுதல், தனியே நடத்தல், இரண்டு சொற்கள் பேசுதல், பொம்மையின் உறுப்புகளைச் சுட்டிக் காட்டுதல் என்று அவை அமைந்துள்ளன. பிள்ளைத்தமிழின் சப்பாணியும் வருகையும் மருத்துவரின் அட்டவணையில் இடம்பெற்றிருப்பதைக் கண்டு நாம் மகிழலாம்.

அதைப் பயன்படுத்தும் முறையும் எளியது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கோடு உண்டு. நூறு குழந்தைகளில் 3 பேர் அச்செயலைச் செய்யத் தொடங்கும் வயது கோட்டின் இடப்பக்க முனை; 97 பேர் செய்துவிடும் வயது வலப்பக்க முனை. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்புறமாக முடிந்துவிட்ட செயல் எதையேனும் குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அங்கன்வாடிப் பணியாளரே சில நிமிடங்களில் இதைச் செய்துவிட முடியும்.

இதிலிருந்து இரண்டு பாடங்களை நாம் கற்கிறோம். கோட்டுக்கு நீளம் இருக்கிறது. எனவே பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்தது, நம் குழந்தை நடக்கவில்லை என்று பதறத் தேவையில்லை. அதே வேளையில், கோட்டுக்கு ஒரு முடிவும் இருக்கிறது. அந்த முடிவைக் கடந்த பிறகும் 'தானாகச் சரியாகிவிடும்' என்று சொல்வது பொறுமை ஆகாது. இந்த அட்டவணை ஒரு சல்லடையே, தீர்ப்பு அன்று. சல்லடையில் தங்கிய எல்லாக் குழந்தைகளுக்கும் குறைபாடு இருக்கும் என்பதில்லை. குறைபாடுள்ள சில குழந்தைகள் அதில் அகப்படாமலும் போகலாம். ஆதலால் தாயின் மனத்தில் ஐயம் எழுந்தால், அதுவே மருத்துவரிடம் செல்லப் போதிய காரணமாகும்.

குறைபாடுகள் பலவகை

பேசாத குழந்தைகள் எல்லோருக்கும் காரணம் ஒன்றல்ல. காது கேளாமை ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே பேச்சு தாமதமானால் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. திருவனந்தபுரத்தில் 1997 முதல் செயல்பட்டுவரும் தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இத்துறைக்கென்றே அமைந்தது. பெயர் சொன்னால் திரும்பாமை, விரும்பிய பொருளை விரல் நீட்டிக் காட்டாமை, பிறர் சுட்டும் திசையில் பாராமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், சில ஒலிகளைத் தாங்க இயலாமை ஆகியவை ஆட்டிசத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். முன்பு பேசிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை இழந்துவிட்டால், எந்த வயதாயினும் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது.

பள்ளிப் பருவத்தில்தான் வெளிப்படும் குறைபாடுகளும் உண்டு. வாய்மொழியாகக் கேட்டால் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லும் சிறுவன், அதையே படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித் தடுமாறுகிறான். 'சோம்பேறி' என்று ஆசிரியரும் 'திமிர்' என்று தந்தையும் சொல்கிறார்கள். உண்மையில் அது டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் தடை அது. அறிவின் குறைவன்று, ஒழுக்கத்தின் குறைவும் அன்று. அடி இதற்கு மருந்தாகாது. அடி ஒன்றை மட்டுமே கற்பிக்கும்: புத்தகத்தைக் கண்டு அஞ்சுவதற்கு.

வினை என்று சொல்லலாமா?

இனி இரண்டாவது பதிலுக்கு வருவோம். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய பழக்கம் அன்று. 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விவரித்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கருத்து மேலைநாட்டு அறிஞர்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. எத்தனை தாய்மார் அப்பழியைச் சுமந்து அழுதிருப்பார்கள்! 1964-இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அக்கருத்தை ஆதாரங்களுடன் மறுத்து நூல் எழுதினார். அவர் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. மரபணுக்களும் மூளை உருவாகும் விதமுமே இதில் முதன்மையானவை என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. 'விஞ்ஞானத்தின்' பெயரால் அங்கே சுமத்தப்பட்ட பழியை, 'கர்மத்தின்' பெயரால் இங்கே நாம் சுமத்துகிறோம்.

கர்மக் கோட்பாடு நமக்கு அருளப்பட்டது எதற்காக? என் செயலுக்கு நானே பொறுப்பு என்று ஒருவன் தன்னைத் திருத்திக்கொள்வதற்காக. அடுத்த வீட்டுக் குழந்தையின் முற்பிறவிக் கணக்கைப் புரட்டுவதற்கு நமக்கு அதிகாரம் தந்தவர் யார்? துன்பப்படும் குழந்தையைக் கண்டு 'வினை' என்று சொல்லி நகர்ந்துவிடுபவன், அந்தக் கணத்தில் தனக்கென்று ஒரு வினையைச் சேர்த்துக்கொள்கிறான்.

யோகவாசிஷ்டத்தில் வசிஷ்டர், விதியையே நம்பி வாளாவிருப்பதைக் கடுமையாகக் கண்டிக்கிறார். முன்செய்த வினையும் இப்போதைய முயற்சியும் மோதிக்கொள்ளும் இரண்டு ஆட்டுக்கிடாய்கள் போன்றவை. அவற்றில் வலியதே வெல்லும் என்று இராமனுக்கு எடுத்துரைக்கிறார். நேற்றைய வினை இன்றை உருவாக்கியது உண்மையானால், இன்றைய முயற்சி நாளையை உருவாக்கும் என்பதும் உண்மை அல்லவா? முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாதியை விட்டுவிடுவது சாஸ்திரத்தை அரைகுறையாகப் படிப்பதாகும்.

சிலர் ஹஸ்தாமலகரின் வரலாற்றைச் சொல்லி ஆறுதல் தேடுவார்கள். ஊமை என்று கருதப்பட்ட அச்சிறுவன், ஆதிசங்கரரின் முன்னிலையில் ஆத்ம தத்துவத்தைப் பாடினான். 'நம் பிள்ளையும் ஒருநாள் அவ்வாறு பேசிவிடுவான்' என்று காத்திருப்பதற்காக அந்த வரலாறு கூறப்படவில்லை. அதில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். தந்தை பிரபாகரர் மகனை மறைத்து வைக்கவில்லை. வெட்கப்படாமல், அறிந்தவரிடம் அழைத்துச் சென்றார். ஆசாரியரோ தந்தையிடம் பேசி முடித்துவிடவில்லை, 'நீ யார்?' என்று அச்சிறுவனையே நேராகக் கேட்டார். உள்ளே ஒருவன் இருக்கிறான் என்ற நம்பிக்கையோடு அவனிடமே பேசினார். பேசாத குழந்தையிடம் நாம் பேச வேண்டிய முறை இதுவே.

இல்லமே முதல் பள்ளி

குழந்தை வளர்ச்சி மையம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நமக்கு ஊக்கமளிப்பது. பிறந்தவுடன் சிறப்பு மருத்துவக் கவனிப்புத் தேவைப்பட்ட 800 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் தாய்மாருக்கு வீட்டிலேயே குழந்தையுடன் பேசவும் விளையாடவும் கற்றுத் தந்தார்கள். ஓராண்டிலும் ஈராண்டிலும் சோதித்தபோது, அப்பிரிவுக் குழந்தைகளின் வளர்ச்சி மேம்பட்டிருந்தது. தாயின் கைகளும் குரலுமே அங்கு முக்கியக் கருவிகள்.

எனவே குழந்தையின் கண்மட்டத்தில் அமர்ந்து பேசுங்கள். சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பே பல குழந்தைகளுக்குக் கிடைக்காத வாய்ப்பு. சட்டை அணிவது போன்ற செயல்களைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு படியை மட்டும் கற்பியுங்கள். சிறு முன்னேற்றத்தையும் மனமாரப் பாராட்டுங்கள். படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு நீங்களே கதைகளை வாசித்துக் காட்டுங்கள். எழுத்துத் தடையால் அறிவின் வாசல் அடைபட வேண்டியதில்லை. கைபேசியைக் குழந்தையிடம் கொடுத்து அமைதிப்படுத்தாதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை அறவே கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியுள்ளது.

இப்பணி முழுவதையும் தாய் ஒருத்தியின் தலையில் சுமத்திவிடுவதும் அதர்மமே. தந்தையும் பாட்டனாரும் பாட்டியாரும் ஆளுக்கொரு வேளையை ஏற்க வேண்டும்.

கோயிலுக்குச் செல்லுங்கள், நேர்த்திக்கடன் செலுத்துங்கள். அதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். 'முழுவதும் குணமாக்குகிறோம்' என்று பெருந்தொகை கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரை வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிய அரசு ஏற்பாடு செய்துள்ளது. இதற்கென மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் அமைக்கப்பட்டுள்ளன. தமிழகத்தில் முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனம் பல்வகைக் குறைபாடுகளுக்கென உள்ளது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அடங்கும். இவை சலுகைகள் அல்ல, குழந்தையின் உரிமைகள்.

சத்சங்கத்தில் கூடும் நமக்கும் ஒரு கடமை உண்டு. பஜனையின் நடுவே ஒரு குழந்தை கூச்சலிட்டால், திரும்பி முறைக்காதீர்கள். வெட்கி எழுந்து வெளியே செல்லும் அந்தத் தாயை அமரச் சொல்லுங்கள். ஓசையற்ற கூடத்தில்தான் இறைவன் எழுந்தருள்வான் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. ஆலயத்தில் மூர்த்தி எந்தக் கோலத்தில் இருக்கிறதோ, அந்தக் கோலத்திற்கேற்பவே நாம் அலங்காரமும் நிவேதனமும் செய்கிறோம். கோலத்தை மாற்றிக்கொண்டு வரும்படி மூர்த்தியிடம் கேட்பதில்லை. இல்லத்தில் குழந்தை வடிவில் வந்திருப்பவனுக்கும் அவ்வாறே தொண்டு செய்வோம்.

தாமதமின்றிக் காணும் கண்ணையும், பழி சொல்லாத நாவையும், சலிக்காமல் கற்பிக்கும் கையையும் கலைமகள் நமக்கு அருள்வாளாக!