மாடியிலிருந்து பார்க்கும்போது

உங்களிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சிரிக்கக் கூடாது.

போன மாதம் ஒரு ராத்திரி, மணி பதினொன்றரை இருக்கும். இங்கிலாந்தில் ஒரு பிரபு வீட்டு விருந்தில் சூப் பரிமாற ஆண் பணியாளர் யாரும் இல்லையே, மானம் போய்விடுமே என்று நான் நிஜமாகவே கவலைப்பட்டேன். பனியனும் லுங்கியுமாக, கையில் ஒரு கிண்ணம் மிக்சரோடு.

'டவுன்டன் அபி' பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு நாலு வரி. 1912-ல் டைட்டானிக் மூழ்குகிறது. அதோடு ஒரு பிரபு குடும்பத்தின் வாரிசும் போய்விடுகிறான். பிரபுவுக்கு மூன்றும் பெண்கள். அரண்மனை மாதிரி வீடு. மேலே பிரபு குடும்பம். கீழே பட்லர், சமையல்காரம்மா, பணிப்பெண்கள், டிரைவர். 2010-ல் பிரிட்டனில் ஆரம்பித்த தொடர். 2011-ல் இரண்டாவது சீஸனோடு திரும்பி வந்தது. 2015-ல் முடித்துவிட்டோம் என்றார்கள். முடியவில்லை. 2019, 2022, 2025 என்று மூன்று சினிமாவாக மறுபடி மறுபடி வந்தது. இதற்கெல்லாம் பாட்டி ஒன்று உண்டு. 'அப்ஸ்டேர்ஸ் டவுன்ஸ்டேர்ஸ்' என்ற பழைய தொடர். 1975-ல் முடிந்த அதையும் 35 வருஷம் கழித்து 2010-ல் தூசி தட்டி எடுத்தார்கள். செத்துப்போன ஓர் உலகம் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். கூப்பிடுவது நாம்தான்.

நான் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தது அந்த இரண்டாவது சீஸன். முதல் உலகப் போர். பையன்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், மேஜையில் பரிமாறப் பணிப்பெண்கள் வர வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் இது பெரிய அபச்சாரம். பட்லர் கார்சனுக்கு மனசு கேட்கவில்லை. எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்து, ஒருநாள் விருந்தின் நடுவிலேயே சரிந்து விழுகிறார். "ஐயோ பாவம்" என்றாள் மனைவி. எனக்கும் கண் கலங்கியது.

அந்த சீஸன் தொடங்குவதே ஸோம் போர்க்களத்தின் பதுங்கு குழியில்தான். 1916 ஜூலை 1, அந்த ஒரே நாளில் அங்கே செத்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் 19,000-க்கும் மேல். அதைப் பார்த்தபோது நான் ஒரு 'உச்' கூடக் கொட்டவில்லை. சூப்புக்குத்தான் கலங்கினேன்.

டி.வி-யை அணைத்த பிறகு தூக்கம் வரவில்லை. ஒரு கேள்வி மண்டையைக் குடைந்தது. இந்தக் கதையை நான் எங்கே உட்கார்ந்து பார்க்கிறேன்? மாடியிலா, கீழேயா?

நியாயமாகப் பார்த்தால் கீழே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். என் தாத்தா கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளியின் பங்களாவில் சமையல்காரர். 28 வருஷம். முதலாளிக்கு எந்த ரசம் பிடிக்கும், எந்தக் கிழமை என்ன கறி, எந்த விருந்தாளிக்குக் காரம் ஆகாது, எல்லாம் அத்துப்படி. அந்த வீட்டு ஹாலில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அது அவருக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை. "முதலாளி மனுஷன் இல்லடா, தெய்வம்" என்பார். மிகையில்லை. அத்தை கல்யாணத்துக்குத் தாலிக்குத் தங்கம் கொடுத்தவர் அந்த முதலாளி. தாத்தாவுக்கு டைபாய்டு வந்தபோது, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பத்து நாள் செலவையும் ஏற்றுக்கொண்டவர். எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள்.

பெரியவர் ஒருநாள் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் பங்களாவை விற்றுவிட்டு மெட்ராஸ் போனார்கள். தாத்தாவுக்கு ஒரு மாதச் சம்பளமும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். (கடிகாரம் இப்போதும் ஓடுகிறது. தினம் நாலு நிமிஷம் பிந்தும்.) தாத்தா யாரையும் திட்டவில்லை. கடைசிவரை ஒரே வரிதான்: "பெரியவர் இருந்திருந்தா இப்படி நடக்குமா?"

சின்ன வயதில் இதை விசுவாசம் என்று நினைத்தேன். இப்போது அந்த வரி வேறு மாதிரி கேட்கிறது. 28 வருஷ உழைப்புக்கான பாதுகாப்பு முழுவதும் ஒரு மனிதரின் மனசில் இருந்திருக்கிறது. எந்தக் காகிதத்திலும் இல்லை. மனசு நின்றதும் அதுவும் நின்றுவிட்டது.

இதை வைத்துக்கொண்டு டவுன்டனைப் பாருங்கள். முதல் சீஸனில் சமையல்காரம்மா மிஸஸ் பாட்மோருக்குக் கண் மங்கிவிடும். வேலை போய்விடுமே என்று பயந்து மறைப்பார். விஷயம் தெரிந்ததும் பிரபு கோபித்துக்கொள்ள மாட்டார். தன் செலவில் லண்டனுக்கு அனுப்பி ஆபரேஷன் செய்ய வைப்பார். அந்தக் காட்சியில் உருகாதவர்கள் கல் நெஞ்சுக்காரர்கள்.

ஆனால் கதை நடக்கும் அதே காலத்தில் நிஜ இங்கிலாந்தில் வேறொன்று நடந்தது. 1911-ல் லாய்ட் ஜார்ஜ் ஓர் இன்ஷூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தார். தொழிலாளி வாரம் கொஞ்சம் பென்ஸ், முதலாளி கொஞ்சம் பென்ஸ், அரசாங்கம் கொஞ்சம். ஓர் அட்டையில் வாராவாரம் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வியாதி வந்தால் டாக்டரும் உண்டு, படுத்திருக்கும் வாரங்களுக்குப் பணமும் உண்டு. வீட்டு வேலை செய்பவர்களையும் இதில் சேர்த்தார்கள். உடனே ஆரம்பித்தது ரகளை. அந்த வருஷம் நவம்பரில் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் எஜமானியம்மாக்கள் திரண்டார்கள். தங்கள் பணிப்பெண்களையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டார்கள்! எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் நாங்களே பார்த்துக்கொள்ள மாட்டோமா, இந்த ஸ்டாம்ப் வந்து எங்களுக்குள் இருக்கும் பாசத்தைக் கெடுத்துவிடும் என்பதுதான் வாதம்.

இந்தச் சட்டத்தில் கண் ஆபரேஷனுக்கெல்லாம் இடமில்லை. மிஸஸ் பாட்மோர் இதை நம்பியிருந்தால் கண் போயிருக்கும். அது வேறு. ஆனால் அந்த எஜமானிகளை ஏன் அவ்வளவு உறுத்தியது? பணமாக இருக்காது, சில பென்ஸ்தான். நேற்றுவரை தன் கருணைக்கு நன்றி சொன்னவள் நாளை முதல் ஓர் அட்டையை நீட்டி 'இது என்னுடையது' என்பாள். அதுதான் உறுத்தியிருக்க வேண்டும்.

சரி, அந்தப் பாசமெல்லாம் பொய்யா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை சார். அப்படிச் சொன்னால் என் தாத்தாவை முட்டாளாக்கிவிடுவேன். கார்சன் வெள்ளிப் பாத்திரம் துலக்குவதில் இருக்கும் கர்வம் ஒரு தச்சருக்குத் தன் உளி மேல் இருக்கும் கர்வம். தாத்தாவுக்கும் தன் ரசத்தின் மேல் அது இருந்தது. முதலாளியின் அன்பும் நிஜம்தான். பொய்யான அன்பாக இருந்தால் விஷயம் சுலபம், கோபப்பட்டுவிட்டுப் போய்விடலாம். நிஜமான அன்பு இருந்தும் ஏற்பாடு தப்பாக இருக்க முடியும் என்பதுதான் தொண்டையில் சிக்குகிறது.

மார்கரெட் பவல் என்று ஓர் அம்மாள். 1920-களில் பதினைந்து வயதில் ஒரு வீட்டில் சமையலறை எடுபிடியாகச் சேர்ந்தவர். பிற்பாடு தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார், 1968-ல் வந்தது. அதில் ஒரு சம்பவம். தபாலோ பேப்பரோ, எஜமானியிடம் கையால் எடுத்து நீட்டிவிட்டார். எஜமானி முகம் மாறிவிட்டது. வெறும் கையால் எதையும் தன்னிடம் நீட்டக் கூடாது, வெள்ளித் தட்டில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றாராம். அந்தப் பெண்ணுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. தன் கை எதற்கு லாயக்கு என்று தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான். டவுன்டனில் அந்தத் தட்டு எத்தனை தடவை வருகிறது தெரியுமா? எவ்வளவு அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன் நான்.

1911 கணக்குப்படி இங்கிலாந்து, வேல்ஸில் வீட்டு வேலை செய்த பெண்கள் 12 லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பாலோர் அரண்மனையில் இல்லை. சின்ன வீடுகளில், பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல், ஒற்றை ஆளாகக் கரி அள்ளிப் பாத்திரம் தேய்த்தவர்கள். அவர்களை வைத்து ஆறு சீஸன் எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

தொடரை எழுதிய ஜூலியன் ஃபெல்லோஸ் ஒன்றும் தெரியாதவர் இல்லை. (அவரே 2011-ல் பிரபுக்கள் சபை உறுப்பினராகிவிட்டார் என்பது உபரித் தகவல்.) வீட்டில் தங்கியிருந்த ராணுவ அதிகாரியால் கர்ப்பமாகி, வேலையையும் இழந்த எத்தலைக் காட்டுகிறார். மிஸஸ் பாட்மோரின் அக்கா மகன் போரில் கோழை என்று சுட்டுக் கொல்லப்பட்டதைச் சொல்கிறார். இப்படித் தன் படையாலேயே சுடப்பட்டவர்கள் நிஜத்தில் 306 பேர். 2006-ல்தான் மன்னிப்பு கிடைத்தது. பிற்பாடு ஒரு சீஸனில், ஊர் நினைவுச் சின்னத்தில் அந்தப் பையன் பெயரைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர்களில் நம் கார்சனும் உண்டு. கடைசியில் பிரபுவே தனியாக ஒரு கல் வைத்துக் கொடுக்கிறார். மிஸஸ் பாட்மோர் அழுகிறார். நாமும் அழுகிறோம். மறுபடியும் பெரியவர்!

இவ்வளவு யோசித்தவன் திருந்தியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா?

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக வேலை செய்யும் அம்மா, பாத்திரம் கழுவி முடித்துவிட்டு ஹாலின் ஓரத்தில் வந்து நின்றார். "சார், அக்காகிட்டயும் சொல்லிட்டேன். இனிமே ஞாயித்துக்கிழமை லீவு வேணும். ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கிட்டு நிக்கிறது இல்ல சார். எல்லா ஞாயித்துக்கிழமையும். சம்பளம் பிடிக்காம."

எனக்குச் சுருக்கென்றது. முதலில் மனசில் ஓடியது ஒரு பட்டியல். அவர் பையனுக்குக் கட்டிய காலேஜ் ஃபீஸ். தீபாவளிக்கு எடுத்த புடவை. பழைய ஃபிரிட்ஜைச் சும்மா கொடுத்தது. கொரோனாவில் இரண்டு மாதம் வராதபோதும் முழுச் சம்பளம். இவ்வளவு செய்தும்... என்று மனசு இழுத்தது. எந்த ஊர் ஹாலில் உட்கார்ந்து இப்படி யோசிக்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை.

அவர் நின்றுகொண்டேதான் இருந்தார். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை என்பது, அவர் போன பிறகுதான் உறைத்தது.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன்.

நாலு நாள் ஆகிறது. தினமும் வருகிறார், வேலை செய்கிறார், போகிறார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குச் சனிக்கிழமை.